கூலி யார் சொல்?

‘கூலி’ சீனச் சொல் என்று ஒருவர் மேடையில் அடித்துச் சொல்ல, அவையும் கைதட்டியது. கசப்புக்கு ஓர் எழுத்து, வலிமைக்கு ஓர் எழுத்து, இரண்டும் சேர்ந்தால் கசந்த உழைப்பு, அதுவே கூலி என்றார். அமெரிக்காவில் ரயில்பாதை போட்ட சீனர்களை அப்படித்தானே அழைத்தார்கள் என்று சான்றும் காட்டினார். ஆனால் வெளியிலிருந்து வந்த சொல்லைத் தம் எழுத்தில் எழுத நேர்ந்தபோது, ஒலியோடு பொருளும் ஒட்டும்படி சீனர்கள் தேர்ந்துகொண்ட எழுத்துகள் அவை. பிள்ளை பிறந்தபின் தைத்த சட்டை. அதைப் பெற்ற தாய் என்பதா?

குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்பது ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியின் கட்சி. 1886இல் யூலும் பர்னலும் எழுதியதை இன்றுவரை அகராதிகள் வழிமொழிகின்றன. மீன்பிடித்தும் படகோட்டியும் வாழ்ந்த இனத்தின் பெயரில் ஊதியம் என்ற பொருள் எங்கிருந்து முளைத்தது? அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லைக் காட்டுவோருக்கும் இதே கேள்விதான்.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரே அன்று, ஆளுக்குக் கொடுப்பது. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, தையற்கூலி, செய்கூலி எல்லாம் அப்படியே. ஆளைச் சொல்லக் கூலியாள், கூலிக்காரர் என்று ஒட்டுப் போட்டாக வேண்டும். ஆள்வினையுடைமையில் வள்ளுவர் வைத்த கூலியும் (குறள் 619) மெய் வருந்தியதற்குத் தப்பாமல் வந்து சேரும் பயன்தான். இதன் வேர் கூலம். சிலம்பில் கூலவீதி உண்டு. மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். அறுப்பு முடிந்த களத்தில் மரக்காலால் அளந்து முந்தானையில் கொட்டிய நெல்லே கூலி. கூலமாகக் கொடுத்ததால் கூலி. காசு வந்த பின்னும் பெயர் மாறவில்லை.

ஆள் என்ற சொல்லை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘நாலு ஆள் வேணும்’ என்கிறோம்; ஆனால் பெரியபுராணத்தில் கிழவேதியராக வந்த இறைவன் சுந்தரர்முன் நீட்டியது ஆளோலை, அடிமைச் சீட்டு. அங்கே ஆள் என்றால் அடிமை. அமெரிக்க ஆலைகளிலும் தொழிலாளரை ‘ஹேண்ட்ஸ்’, அதாவது கைகள் என்றே எண்ணினார்கள். நம்மிடம் ஆளாவது முழு மனிதன். அடிமையான ஆளுக்கும் கூலியாளுக்கும் நடுவே கூலி என்ற ஒரு சொல் நிற்கிறது. கூலி வாங்குகிறவன் அடிமை அல்லன்.

இந்தச் சொல்லைச் சோழமண்டலக் கரையில் கேட்ட ஐரோப்பிய வணிகர்கள், கூலியாளில் ஆளை உதிர்த்துவிட்டு, கூலியையே அவனுக்குப் பெயராக்கினார்கள். கப்பலேறிய சொல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது பொருள் தலைகீழ். 1862 பிப்ரவரியில் லிங்கன் ஒப்பமிட்ட சட்டம், அமெரிக்கக் கப்பல்களில் ‘கூலி வாணிபம்’ செய்வதைத் தடுத்தது; அதில் கூலி என்றால் அடிமைக்கு அடுத்த படி. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் கூலி எதிர்ப்புச் சட்டம், சீனர்மேல் மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. கூலியில் கைவைக்கும் சட்டத்துக்குக் கூலி என்றே பெயர்!

1867 ஜூனில் சியரா நெவாடா மலையில் சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதை வெட்டிய சீனர்கள், ஆயிரக்கணக்கில், வேலையை நிறுத்தினார்கள். கேட்டது மாதம் 40 டாலர், குறைந்த வேலை நேரம். பாதை வேலையை நடத்திய சார்லஸ் குரோக்கர் சோற்றை நிறுத்தினார். ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. அடிமையா கூலி உயர்வு கேட்பான்?

மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஆடம்ஸில் கால்வின் சாம்ப்ஸனின் செருப்பு ஆலை. செயின்ட் கிறிஸ்பின் என்ற செருப்புத் தொழிலாளர் சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்ய, 1870 ஜூன் 13 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 75 சீனர்களை அவர் ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். மூன்றாண்டு ஒப்பந்தம்: முதலாண்டு மாதம் 23 டாலர், பிறகு 26. வேலையிழந்தவர்களிலும் ஐரிஷ்காரர்கள், கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் உண்டு; அவர்களும் வந்தேறிகளே. ஆலைச் சுவரோரம் அந்தச் சீனர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் கூட்டங்கள் ‘கூலி உழைப்பு ஒழிக’ என்று முழங்கின. தங்கள் கூலிக்காகப் போராடியவர்கள், தெரியாமலேயே ஒரு தமிழ்ச் சொல்லைக் கொண்டு அந்தச் சுவரோரம் நின்றவர்களை வைதார்கள். 1882இல் சீனத் தொழிலாளருக்கு நாட்டின் கதவே சட்டத்தால் சாத்தப்பட்டது.

அந்த 75 பேரும் கூலி பேசி ஒப்பந்தம் செய்து வந்தவர்கள். நம் வழக்கில் அவர்கள் கூலியாட்கள், கூலிகள் அல்லர். கோலி இனத்தையும் கசப்பு எழுத்தையும் சுற்றி வருகிறவர்கள் ஒருமுறை நம் களத்துமேட்டுக்கு வரட்டும். கூலத்தில் பிறந்ததே கூலி என்பதில் எனக்கு ஐயமில்லை.