பிறவி மந்திரத்தின் கடன்: பாத்திர விளையாட்டு விதிகளும் கண்டி மரபும்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளில் ஒரு சிக்கல் ஐம்பது ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஒருவரின் பாத்திரம் மந்திர ஆற்றலோடு பிறக்கிறது. இன்னொருவருடையது படித்துப் பெறுகிறது. மற்றொருவருடையதற்கு வாளைத் தவிர வேறெதுவும் இல்லை. மூவரும் எப்படி நியாயமாகச் சேர்ந்து ஆடுவது? அச்சிட்ட நூல்களும், அவற்றைத் திருத்தி அந்தந்தக் குழுவினர் வகுத்துக்கொண்ட மேசை விதிகளும் பெரும்பாலும் ‘இந்த வரம் யாருக்கு?’ என்றே கேட்டுவந்தன. வரம் பெற்றவர் யாருக்கு என்ன கடன்பட்டவர் என்பதே அதைவிட அடிப்படையான கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் கேள்விக்குக் கண்டிச் சீமையின் சடங்கு மரபு ஆழமான ஒரு விடையை வைத்திருக்கிறது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில், அக்குறணைக்கு அப்பால் உள்ள அலவத்துகொடவில் இத்தகைய விளையாட்டைத் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு அந்த விடை எட்டாத தொலைவில் இல்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் மந்திரவாதி படிப்பாளி. ஏட்டைப் பார்த்து மந்திரத்தை மனனம் செய்வார். ஏவியதும் அது நினைவிலிருந்து அகன்றுவிடும். ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்த ஏற்பாடு இது. பிறவி ஆற்றல் 1976இல் துணைநூல் ஒன்றின் வழியாக மனோசக்தி என்ற பெயரில் நுழைந்தது. 1978இன் ஆட்டக்காரர் கைநூல் அதைப் பின்னிணைப்பில் வைத்தது. பகடை உருட்டி எண்ணால் குறிக்கப்படும் அறிவு, விவேகம், கவர்ச்சி ஆகிய மூன்று பண்புகளில் ஒன்றாவது 16ஐ எட்டியிருக்க வேண்டும். அதன் பிறகும் அடிப்படை வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான், உயர்ந்த பண்புகளுக்குச் சிறிது கூடும். மூன்று பகடைகளை உருட்டினால் வரக்கூடிய 216 விளைவுகளில் பத்து மட்டுமே 16ஐயோ அதற்கு மேலோ தரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விதியின் இயல்பு புலப்படும். ஏற்கெனவே மேம்பட்ட பாத்திரத்துக்கே இது இன்னொரு கொடையை அளித்தது. ஈடாக அந்தப் பாத்திரம் வேறெதையும் இழக்கவில்லை.

இதற்கு மூன்று வகை மாற்றங்கள் தோன்றின. முதலாவது, வரத்தைப் பொதுவாக்குவது. 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ சாதாரண மாந்தரும் மந்திரம் கற்கலாம் என்றது. 1991இன் ‘டார்க் சன்’ பாலைநில உலகில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மனோசக்தி உண்டு. இரண்டாவது, வரத்துக்கு விலை வைப்பது. 1986இல் வந்த ‘கர்ப்ஸ்’ முறையில் மந்திரப் பிறப்பும் புள்ளி கொடுத்து வாங்கும் பொருளானது. மூன்றாவது, வரத்தை ஒரு தொழிலாக்குவது. 2000இல் வெளியான டன்ஜியன்ஸ் மூன்றாம் பதிப்பில் ஏடு தேவைப்படாத பிறவி மந்திரவாதி தனி வகுப்பாக வந்தார். குருதியில் டிராகன் கலந்திருப்பதாக ஒரு விளக்கமும் சேர்ந்தது. இவை அனைத்தும் பங்கீட்டைச் சரிசெய்தன. ஆனால் ஆற்றலோடு பிறந்தவரின் வாழ்வு மற்றவர் வாழ்வோடு எப்படிப் பிணைகிறது என்பதை விதியாக்கியது ஜொனதன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் 1987இல் படைத்த ‘ஆர்ஸ் மாஜிக்கா’. அதில் வரத்தோடு பிறந்தவரைக் கண்டாலே சாதாரண மக்கள் ஐயுறுவர். ஆகவே ஊரோடு பேச அவருக்கு வரமற்ற தோழர் தேவை. ஆட்டக்காரர்கள் மந்திரவாதியாகவும் தோழராகவும் முறைமாறி ஆடுவர். ட்வீட் பின்னர் மூன்றாம் பதிப்பை உருவாக்கிய முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவரானார். எனினும் அந்தப் பிணைப்பு அங்கே இடம்பெறவில்லை.

கண்டிப் பகுதியின் பெருஞ்சடங்கான கொஹொம்பா கங்காரியவின் கதை இந்தப் பிணைப்பையே மையமாகக் கொண்டது. இலங்கையின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விஜயன் கைவிட்ட குவேனியின் சாபம், அவனுக்குப் பின் ஆண்ட பண்டுவாசுதேவனைச் சிறுத்தை வடிவில் தாக்கி நோயில் வீழ்த்துகிறது. தாய் வயிற்றில் பிறவாமல் பூவில் பிறந்த மலைய அரசனால் மட்டுமே அதைத் தீர்க்க முடியும். அவனைக் கடல் கடந்து வரவழைக்க ராகு பன்றி உருவெடுத்து அவன் பூந்தோட்டத்தை அழிக்கிறான். அவனது பிறவி ஆற்றல் அவனுக்கு எதையும் ஈட்டித் தரவில்லை. பிறர் நோய்க்காக அது அவனை இழுத்துவருகிறது. அந்தச் சடங்கை நிகழ்த்தும் யக்தெஸ்ஸாக்களின் பரம்பரையோ வேறு வகை. அங்கே பிறப்பு ஒருவரை வாசல்வரைதான் கொண்டுவரும். ஆண்டுக்கணக்கில் பயின்று, சுபவேளையில் குருவின் முன் வெஸ் தலையணியைச் சூடிய பிறகே அவர் முழு நடனக் கலைஞர். பிறப்பு, பயிற்சி, ஊரறிந்த ஏற்பு என மூன்று படிகள் அங்கே தனித்தனியே நிற்கின்றன.

சாதியால் கட்டப்பட்ட ஒரு மரபை விளையாட்டுக்கு முன்மாதிரியாக்கலாமா என்று கேட்பது முறையே. அந்தக் கலைஞர்கள் பெரவா சமூகத்தவர். மன்னராட்சியின் ராஜகாரிய முறை சேவையை நிலத்தோடும் பிறப்போடும் பிணைத்தது. 1830களில் அது நீக்கப்பட்ட பிறகும் சமூகத் தாழ்வு நீங்கவில்லை. இதை மறைக்கும் எந்த ஒப்பீடும் நேர்மையற்றது. ஆனால் மரபே காட்டிய ஓர் உண்மையும் உண்டு: அச்சமூகத்தில் பிறவாத சித்திரசேன (1921–2005) குருமாரிடம் பயின்று, அந்தச் சடங்கில் வேர்கொண்ட கண்டிய நடனத்தை உலக மேடைக்குக் கொண்டுசென்றார். பிறப்பு என்ற முதற்படியைத் தளர்த்தினாலும் மற்ற இரண்டும் கலையைத் தாங்கும் என்பதற்கு அவர் சான்று. விளையாட்டு எடுத்துக்கொள்ள வேண்டியவையும் அந்த இரண்டே. பகடை தரும் எதிர்பாராமையின் சுவை இதனால் குன்றும் என்பது மற்றொரு மறுப்பு. குன்ற வேண்டியதில்லை, யாருக்கு வரம் என்பதைப் பகடையிடமே விட்டுவிடலாம். அதன் பின் வருவதைத்தான் மேசை தீர்மானிக்க வேண்டும்.

எனவே ஒரு குழு வகுக்கத்தக்க விதி இது: வரம் எவருக்கும் வாய்க்கலாம், ஆசான் ஒருவரிடம் பயிலாதவரை அது கட்டுக்கு அடங்காது, முழு ஆற்றலைத் தன் நலத்துக்காக அன்றி, இன்னொரு பாத்திரம் கேட்கும்போதே ஏவ முடியும். அப்போது வாளேந்தியவர் வேடிக்கை பார்ப்பவராக இருக்கமாட்டார். மந்திரம் எழ அவர் வாய் திறந்து கேட்க வேண்டும். எண்களைச் சமமாக்கும் விதிகள் பொறாமையைத் தணிக்கும். கடனை வகுக்கும் விதியோ ஆட்டக்காரர்களை ஒருவருக்கொருவர் தேவைப்படுபவர்களாக்கும். கூடி ஆடும் விளையாட்டுக்கு அதைவிடப் பெரிய நியாயம் வேறில்லை.