மாப்பிள்ளை குடிவரும் வீடு

விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி முடிவெய்திய காலத்தில், இங்கிலாந்திலே பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்பது வாடகை வீடுகளிலேயே வசித்தன. மார்ச் 25, செப்டம்பர் 29 முதலிய காலாண்டுத் தவணை நாள்களில் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றி, கணவன் தன் பெயரால் பேசி எடுத்த வீட்டுக்கு மனைவி மக்கள் அவன் பின்னே சென்று குடியேறுவது அந்நாட்டு வழக்கம். அதே மகாராணியாரின் ஆளுகைக்குட்பட்டிருந்த இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களிலோ (1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பைச் சேர்ந்தவை) வீடு பெண்ணுக்குரியது. விவாகத்தின் பின் பிறந்தகம் விட்டுப் புதுமனை புகுபவன் ஆண்மகனே.

இவ்வழக்கத்தின் வேரை ஷரீஅத்தில் தேடினால் கிட்டாது. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டுமென்பதே மார்க்கத்தின் விதி. பெண்ணுக்கு வீடும் வயலும் கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வது, தாய்வழிக் குடிமுறையைப் பேணிய முக்குவர் முதலிய தமிழ்ச் சமூகத்தாரோடு இக்கரையோர முஸ்லிம்கள் நெடுங்காலமாகப் பகிர்ந்துகொண்ட சம்பிரதாயம். முக்குவர் தங்கள் பெண்களை முஸ்லிம் வீரர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தனர் என்ற ஐதிகமும் மட்டக்களப்புப் பகுதியில் வழங்குகிறது. முக்குவரின் வாரிசு வழக்குகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் 1876இல் கொழும்பில் நூலாக வெளியிட்டார்.

காவின் எனும் மணப்பதிவு எழுதி முடிந்த இரவில், மாப்பிள்ளை உறவினர் சூழ ஊர்வலமாக வந்து பெண் வீட்டு வாசலை அடைந்ததும், உள்ளிருந்து பெண்கள் குரவையிடுவார்கள். மைத்துனன் கால் கழுவி வரவேற்பான். அவ்வாசலைத் தாண்டியவன் அதன்பின் தன் உம்மாவின் வீட்டுக்குப் போய்வரலாமேயன்றி, அவன் வாசஸ்தலம் இதுவே. அவனுக்கென்று பன்பாயும், பெட்டகமும், அறையும் ஆயத்தமாயிருக்கும். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்ட வாப்பாவும் உம்மாவும், மணமாகாத பிள்ளைகளோடு அதே வளவின் ஒரு மூலையில் சிறு குடிலொன்று எழுப்பிக்கொண்டு ஒதுங்குவர். அடுத்த மகளுக்கு வரன் அமைந்ததும் அக்குடில் விரிந்து இன்னொரு சீதன வீடாகும். இவ்வாறு ராத்தா ஒரு வாசலிலும், தங்கை மறு வாசலிலும், உம்மா இடையிலுமாக, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி வாழ்ந்தனர். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்கரையில் வளவுகள் தலைமுறைதோறும் துண்டுபட்டுக் கல்முனைப் பகுதி மிக நெருக்கமான குடியிருப்பானதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணமென்பது என் துணிபு.

அந்நாளைய வீடுகள் பெரும்பாலும் மண்சுவரும் கிடுகுக் கூரையும் உடையவை. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சர் ஹென்றி வார்டு முன்னின்று தொடங்கிய நீர்ப்பாசனப் பணிகளால் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டு, வட்டைகளெனும் வயல்வெளிகளில் விளைச்சல் பெருகியபின், வசதி படைத்த நிலக்கிழார்களான போடிமார் தம் மகள்மாருக்குக் கல்வீடு கட்டத் தலைப்பட்டனர். நாளடைவில் சம்பந்தம் பேசும்போது கல்வீடு கேட்பதே வழக்கமாகிவிட்டது. மூன்று நான்கு பெண் மக்களைப் பெற்ற ஏழை வாப்பாவின் நிலையை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. தங்கைமாரின் வீடுகளுக்குக் கூரை ஏறும்வரை தன் கலியாணத்தை ஒத்திவைத்து உழைத்த காக்காமார் எத்தனையோ பேர். பிற்காலத்தில் அரபு நாடுகளுக்குச் சென்றோரிற் பலரும் இந்தக் கல்லுக்கும் சீமெந்துக்குமாகவே சென்றனர்.

ஆயினும் பெண்ணின் பக்கம் நின்று பார்க்கையில் இம்முறையின் மேன்மை மறுக்க முடியாதது. இங்கிலாந்தில் மணமான ஸ்திரீ தன் சொத்தைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ள, 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குத் தலைமுறைகளுக்கு முன்பிருந்தே கல்முனைக் கரையில் கணவனை இழந்தவளும் தலாக் பெற்றவளும் வீட்டை இழந்ததில்லை. பிணங்கினால் வெளியேற வேண்டியவன் கணவனே.

இவ்வுரிமையைப் பிற்காலத்தில் தளர்த்தியது அரசாங்கத்தின் பதிவேடே. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் அரச காணிகளுக்குரிய வாரிசுகளை வரிசைப்படுத்துகையில் மகனை மகளுக்கு முன்னே வைத்தது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் குடியேற்றங்களில் காணிகள் பெரும்பாலும் ஆண்களின் பெயருக்கே வழங்கப்பட்டன. பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடற்கோள் வந்து கரையோர வளவுகளை அள்ளிச் சென்றது. அழிந்த வீடு மனைவியின் சீதனமாயிருந்தும், அரசாங்கப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் என்ற பகுதியில் கணவனின் பெயர் எழுதப்பட்டமையால், அதற்கு ஈடாகக் கிடைத்த புதிய வீட்டின் உறுதி பல இடங்களில் அவன் பெயருக்கே சென்றது. உம்மா தந்த வீட்டில் இருந்தவள் கணவனின் வீட்டில் இருப்பவளானாள். அவள் மகளுக்குக் கலியாணம் பேசும் நாளில், அந்த உறுதியை மாற்றி எழுதக் கையொப்பமிட வேண்டியவனும் அவனே.