மாணவர் கைகள் வரைந்த மான்: இந்தியக் கார்ட்டூன் படக் கலையின் முதல் வகுப்பறை

அறிமுகம்

பள்ளி நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றி ஒரு பொம்மையை வரைந்து, தாள்களை விரலால் வேகமாகப் புரட்டினால் அந்தப் பொம்மை ஓடும், குதிக்கும். இந்த விளையாட்டை ஆடாத மாணவர் குறைவு. 1868-ஆம் ஆண்டில் ஜான் பார்ன்ஸ் லினெட் என்ற ஆங்கிலேயர் இத்தகைய புரட்டுப் புத்தகத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் வரையப்படும் கார்ட்டூன் படம், அதாவது அசைவூட்டப் படம், இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

இந்தியாவில் கார்ட்டூன் படம் எடுக்கும் முயற்சி மௌனப்பட காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது ஒரு கலை மரபாக வேரூன்ற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. 1956-57 ஆண்டுகளில் மும்பையில் ஓர் ஆசிரியரிடம் பயின்றுகொண்டே ஒரு மாணவர் குழு உருவாக்கிய படம் அந்தத் திருப்பத்தைக் கொண்டுவந்தது. 'தி பேனியன் டீர்', அதாவது 'ஆலமர மான்', என்பது அதன் பெயர். அந்தப் படம் உருவான சூழலையும், முன்னோடிகளின் முயற்சிகள் தொடராமல் போனதற்கான காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கையால் வரையும் படத்தின் உழைப்பு

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அப்படியானால் ஒரு நிமிடப் படத்துக்கு 1440 சட்டங்கள் தேவை. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்குப் படம்பிடித்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வரைய வேண்டும். ஐந்து நிமிடப் படம் என்றால் 3600 ஓவியங்கள். ஒரே காட்சியில் இரண்டு மூன்று பாத்திரங்கள் தனித்தனியாக அசைந்தால் இந்த எண்ணிக்கை இன்னும் பெருகும்.

1908-இல் பிரான்சில் எமில் கோல் உருவாக்கிய 'ஃபேன்டஸ்மகோரி' இரண்டு நிமிடத்துக்கும் குறைவான படம். அதற்கே சுமார் 700 ஓவியங்கள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் வின்சர் மெக்கே 1914-இல் 'கெர்ட்டி' என்ற டைனோசர் படத்தை உருவாக்கியபோது, பின்னணியில் உள்ள மலையையும் ஏரியையும்கூட ஒவ்வொரு தாளிலும் மீண்டும் வரைய வேண்டியிருந்தது. அந்தப் பின்னணிகளைப் பிரதியெடுத்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞர். அதே காலத்தில் ஏர்ல் ஹர்ட் என்பவர் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளைப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். பின்னணியை ஒருமுறை வரைந்து வைத்து, அதன்மேல் அசையும் உருவங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. இதன்பிறகு வேலையைப் பலர் பகிர்ந்து செய்வது எளிதாயிற்று.

ஒருவர் முக்கியமான நிலைகளை வரைவார். இன்னொருவர் அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை வரைவார். வேறொருவர் கோடுகளைச் செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுப்பார். அடுத்தவர் தாளின் பின்புறத்தில் வண்ணம் தீட்டுவார். கடைசியில் ஒளிப்பதிவாளர் அவற்றைச் சட்டம் சட்டமாகப் படம்பிடிப்பார். இந்த முறையில் கார்ட்டூன் படம் ஒரு தனி ஓவியரின் படைப்பாக மட்டும் இருக்க முடியாது. ஒரே மாதிரி வரையப் பயின்ற பல கைகள் அதற்குத் தேவை.

முன்னோடிகளின் முயற்சிகள்

இந்திய சினிமாவின் முன்னோடியான தாதா சாகேப் பால்கே 1915-இல் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்து 'ஆகாட்யாஞ்சி மௌஜ்' என்ற குறும்படத்தை உருவாக்கினார். தீக்குச்சிகளின் வேடிக்கை என்பது அப்பெயரின் பொருள். இது ஓவியங்களால் ஆன படம் அன்று. பொருள்களை அசைத்து எடுத்த படம்.

1934-இல் கொல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் குணமய் பானர்ஜி 'தி பீ பிரதர்ஸ்' என்ற சிறிய கார்ட்டூன் படத்தை உருவாக்கினார். சென்னையிலும் இம்முயற்சி நடந்தது. எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவிலிருந்து 1947-இல் கேலிச்சித்திர ஓவியர் தாணுவின் கைவண்ணத்தில் 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் படம் வெளிவந்தது.

இவர்கள் யாரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஒருவர் பல மாதம் தவறு செய்து கற்றுக்கொண்டது அடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் கற்றது சென்னைக்கு வர வழியில்லை. கற்றதைக் கற்பிக்கும் இடம் ஒன்று இல்லாததே இம்முயற்சிகள் மரபாக வளராமல் போனதற்கு முதன்மையான காரணம் எனலாம். அயல்நாட்டுக் கார்ட்டூன்கள் திரையரங்குகளில் எளிதாகக் கிடைத்ததால், பெரும் செலவில் இங்கே படம் எடுக்க முதலாளிகள் முன்வராததும் இன்னொரு காரணம்.

மும்பையில் ஒரு வகுப்பறை

விடுதலைக்குப் பின் 1948-இல் இந்திய அரசு மும்பையில் 'பிலிம்ஸ் டிவிஷன்' என்ற திரைப்படப் பிரிவை நிறுவியது. செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் எடுப்பது அதன் பணி. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில், சுகாதாரம், சேமிப்பு, வேளாண்மை போன்ற செய்திகளைச் சொல்லக் கார்ட்டூன் படம் நல்ல கருவியாகத் தோன்றியது. இதற்கென 1956-இல் அங்கே ஒரு கார்ட்டூன் படப் பிரிவு உருவானது.

இப்பிரிவில் சேர்ந்த இளைஞர்களுக்குக் கற்பிக்க, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் கிளேர் வீக்ஸ் என்ற ஓவியர் வந்தார். இவர் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி', 'பீட்டர் பான்' ஆகிய படங்களில் பணியாற்றியவர். கிறித்தவ ஊழியர்களான பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்தவர் என்பதால் இந்த நாடு அவருக்குப் புதிதன்று.

அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் 1931-இல் பிறந்த ராம் மோகன். கல்லூரியில் வேதியியல் படித்த அவர் ஓவிய ஆர்வத்தால் இத்துறைக்கு வந்தார். பிற்காலத்தில் இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை என்று போற்றப்பட்டார். ஆனால் 1956-இல் அவரும் பென்சிலைக் கையில் பிடித்த ஒரு மாணவரே.

கையால் வரையும் அசைவூட்டத்தைப் பயில்பவர்களுக்கு உலகெங்கும் தொடக்கப் பாடங்கள் எளியவை. துள்ளும் பந்தை வரைவது அவற்றுள் ஒன்று. தரையில் படும்போது பந்து சற்றே நசுங்க வேண்டும். மேலெழும்போது நீள வேண்டும். உச்சியை நெருங்கும்போது ஓவியங்களுக்கு இடையிலான தூரம் குறைய வேண்டும், விழும்போது கூட வேண்டும். இந்த இடைவெளியில் பிழை நேர்ந்தால் பந்து பஞ்சாகவோ கல்லாகவோ தோன்றும். அடுத்து நடை. நடக்கும் உருவத்தின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதை வரைவதுதான் இதில் கடினம். அழகாக ஓவியம் தீட்டத் தெரிந்தவரும் இங்கே புதிதாகக் கற்க வேண்டும். ஏனெனில் ஒவ்வோர் ஓவியத்தின் அழகைவிட, இரண்டு ஓவியங்களுக்கு இடையே உள்ள மாற்றமே இதில் முக்கியம்.

ஆலமர மான்

பயிற்சியின் பயனாக 1957-இல் உருவான படம் 'தி பேனியன் டீர்'. புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகக் கதைகளுள் ஒன்றான நிக்ரோத மிருக ஜாதகம் இதற்கு அடிப்படை. பாலி மொழியில் நிக்ரோதம் என்றால் ஆலமரம்.

காசி அரசன் ஒருவன் நாள்தோறும் மான்களை வேட்டையாடினான். வேட்டையில் பல மான்கள் வீணாகக் காயம்பட்டு மடிந்தன. இதைத் தவிர்க்க, முறைவைத்து நாளுக்கு ஒரு மான் தானே பலியாகச் செல்வதென இரண்டு மான் கூட்டங்களும் ஒப்புக்கொண்டன. ஒருநாள் சினையாக இருந்த பெண் மானுக்கு முறை வந்தது. அவளது கூட்டத்தின் தலைவன் இரங்க மறுத்தது. மற்றொரு கூட்டத்தின் தலைவனான ஆலமர மான் அவளுக்குப் பதிலாகத் தானே சென்று பலிபீடத்தில் தலையை வைத்தது. அதன் கருணையைக் கண்டு மனம் மாறிய அரசன் எல்லா மான்களுக்கும் அடைக்கலம் தந்தான்.

இந்தக் கதை மாணவர்களின் முதல் படத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. ஆசிரியர் பணியாற்றிய 'பாம்பி' ஒரு மான்குட்டியின் கதை. எனவே மானின் உடலமைப்பும் ஓட்டமும் அவருக்கு நன்கு பழகியவை. மாணவர்களுக்கோ கதையும் அதன் அறமும் சொந்த மண்ணைச் சேர்ந்தவை. அயலிலிருந்து வந்த தொழில்நுட்பமும் உள்நாட்டுக் கதையும் இப்படத்தில் இணைந்தன. புத்தரின் 2500-ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட்ட காலம் அது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மாணவர்கள் ஆசிரியர்களானபோது

வீக்ஸ் நாடு திரும்பிய பிறகும் கார்ட்டூன் பிரிவு தொடர்ந்து இயங்கியது. முந்தைய முயற்சிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆசிரியரின் பாணியையே மாணவர்கள் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. டிஸ்னி முறையில் ஒவ்வோர் அசைவையும் முழுமையாக வரைய ஆளும் பணமும் நிறைய வேண்டும். அரசுத் துறையின் சிறிய குழுவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அதனால் குறைந்த ஓவியங்களில், வலுவான வடிவங்களைக்கொண்டு கருத்தைச் சொல்லும் எளிய பாணிக்கு அவர்கள் நகர்ந்தனர். மினூ மசானியின் நூலைத் தழுவி 1961-இல் வந்த 'திஸ் அவர் இந்தியா' அக்காலப் படங்களுள் ஒன்று. ராம் மோகன் பங்கேற்ற 'ஹோமோ சாப்ஸ்' 1966-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது.

1960-களின் தொடக்கத்தில் பின்னணி ஓவியராகப் பிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்த பீம்சேன் அங்கேயே அசைவூட்டம் கற்றார். 1970-இல் அவர் எடுத்த 'தி கிளைம்ப்' சிகாகோ விழாவில் விருது பெற்றது. 1974-இல் அவர் உருவாக்கிய 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களின் நினைவில் இன்றும் உள்ளது. ராம் மோகன் பிரசாத் புரொடக்ஷன்ஸின் அசைவூட்டப் பிரிவில் பணியாற்றி, 1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பெண் குழந்தைகளின் கல்வியை வலியுறுத்தி யுனிசெஃப் தயாரித்த 'மீனா' தொடர் அவரது முக்கியப் பணிகளுள் ஒன்று. 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2019-இல் மறைந்தார்.

தாமிரபரணிக் கரையிலிருந்து

பிலிம்ஸ் டிவிஷனின் குறும்படங்களைத் திரையரங்குகள் முதன்மைப் படத்துக்கு முன் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. தாமிரபரணிக் கரையின் சிற்றூர்த் திரையரங்குகளும் அதற்கு விலக்கல்ல. மும்பை மாணவர்களின் கோடுகள் நெல்லைச் சீமை வரை வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

கற்றவர் கற்பித்தால்தான் கலை தொடரும் என்பது இப்பகுதிக்குப் புதிய செய்தி அன்று. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர். அவர் காஞ்சிப் புராணத்தின் முதல் காண்டத்தை இயற்றினார். இரண்டாம் காண்டத்தை இயற்றியவர் அவரது மாணவர் கச்சியப்ப முனிவர். ஆசிரியர் பாடிய நூலை மாணவர் தொடர்ந்தது போலவே, ஒரு கலையையும் அடுத்த தலைமுறையின் கைகளே முன்னெடுத்துச் செல்கின்றன.

முடிவுரை

இன்று ஒரு மாணவர் கார்ட்டூன் படம் எடுக்கப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. நொடிக்கு 12 ஓவியங்கள் என்று கொண்டால் 60 தாள்களில் 5 நொடிப் படம் கிடைக்கும். தாள்கள் நகராமல் ஒரே இடத்தில் வைத்து, அசையாமல் பொருத்திய கைபேசியால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தால் போதும். முதல் பந்து சரியாகத் துள்ளாது. அதைத் திருத்தி மீண்டும் வரைவதே பயிற்சி.

பால்கே முதல் தாணு வரையிலான முன்னோடிகளுக்கு ஆர்வமும் திறமையும் இருந்தன, வகுப்பறை இல்லை. 1956-இல் வகுப்பறை அமைந்தபோது ஒரு சிறு மாணவர் குழுவின் முதல் படமே ஒரு மரபின் தொடக்கமாயிற்று. தான் கற்றதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுக்கும் மாணவர் அந்த மரபின் தொடர்ச்சியாகிறார்.