சுட்டிய கை: கேப்டன் நோலனின் வாழ்வும் குடும்பமும்



இலக்கணம் கற்பிக்கத் தொடங்கியதுமே நாம் சுட்டெழுத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அகர, இகர, உகரங்களைச் சுட்டு எனத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே வகுத்துவிட்டார். மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிடுகின்றனர். இவ்வளவு சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணுவதிலும் வியப்பில்லை. ஆயினும், 'அந்த' என்ற ஒரு சுட்டு எதனைக் குறித்தது என்பது தெளிவாகாமையால் ஒரு குதிரைப்படை சில நிமிடங்களில் சிதைந்த வரலாறு உண்டு. அந்நிகழ்ச்சி நடந்த நாள் 25 அக்டோபர் 1854. நம் ஜொகூர் பாரு, தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் உருவாகத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அந்தச் சொல்லை ஏந்திச் சென்றவர் கேப்டன் லூயி எட்வர்டு நோலன். இன்று நான் பேச வந்தது அவர் வாழ்வைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் ஆகும்.

குடும்பமும் கல்வியும்

நோலன் 1818 ஜனவரி 4ஆம் நாள் கனடாவில் பிறந்தார். அவர் தந்தை பிரித்தானியத் தரைப்படை அதிகாரியாக இருந்தவர். பின்னர் அக்குடும்பம் இத்தாலியின் மிலான் நகரில் குடியேறியது. மிலான் அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பிரித்தானியக் குதிரைப்படையில் அதிகாரியாக வேண்டுமாயின் அன்று பதவியைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். 1871 வரை இம்முறை நீடித்தது. பெருஞ்செல்வம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு ஆஸ்திரியப் படை ஒரு வாயிலாக அமைந்தது. டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள துல்ன் நகரப் படைப்பள்ளியில் பயின்ற நோலன், ஆஸ்திரியாவின் 10ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் அதிகாரியானார். அக்காலத்தில் ஐரோப்பாவில் புகழ்பெற்ற குதிரையேற்றக் கலையை ஆஸ்திரிய, ஹங்கேரிய வீரர்களிடமிருந்து நேரில் கற்றார்.

இவ்வாறு வளர்ந்தமையால் ஆங்கிலத்தோடு வேறு பல ஐரோப்பிய மொழிகளும் அவருக்கு வாய்த்தன. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு எளிதில் கடந்து செல்லப் பழகிய ஒருவர், இறுதியில் தம் தாய்மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு குறிப்பை விளக்க இயலாமல் இடர்ப்பட்டார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

பெங்களூரும் சென்னையும்

1839இல் அவர் பிரித்தானியப் படைக்கு மாறி 15ஆம் ஹுஸ்ஸார் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவு சென்னை மாகாணப் படையின்கீழ் பெங்களூர்ப் பாளையத்தில் தங்கியிருந்தது. அங்கே குதிரைகளைப் பழக்குவதும் வீரர்களுக்குக் குதிரையேற்றம் கற்பிப்பதும் நோலனின் பணியாயின. சென்னை மாகாணத்தின் படைத்தலைவரான சர் ஜார்ஜ் பெர்க்லியிடமும், பின்னர் ஆளுநர் சர் ஹென்றி பொட்டிஞ்சரிடமும் மெய்ப்பணி அதிகாரியாக அவர் இருந்தார்.

அக்காலப் பாளையத்தில் குதிரை என்றால் அதனோடு குதிரைக்காரரும் புல்லறுப்பவரும் உண்டு. அவர்கள் நம் நாட்டு மக்கள். மனைவி மக்களோடு படையைப் பின்தொடர்ந்தவர்கள். அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. இவர்களுடைய பெயர்கள் அவற்றில் இல்லை. குதிரைப்படை வீரரின் குடும்பம் எனப் பேசும்போது, லாயத்தின் பின்புறம் வாழ்ந்த இக்குடும்பங்களையும் சேர்த்தே எண்ணுதல் நம் கடமை.

இந்தியாவில் நோலன் கண்ட ஒன்று அவர் நூலில் இடம்பெற்றது. நிசாமின் குதிரை வீரர்களுடைய வாள்கள் அஞ்சத்தக்க வகையில் கூர்மையாக இருந்தன. அவை எந்த உலையில் வடிக்கப்பட்டன என்று ஆராய்ந்தவருக்கு வியப்பே காத்திருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பிரித்தானியப் படை கழித்துப்போட்ட பழைய வாள்களே. அவ்வீரர்கள் அவற்றைத் தீட்டி, மர உறையில் இட்டு, போரிலன்றி வெளியே எடுக்காமல் காத்தனர். பிரித்தானிய வீரரின் வாளோ இரும்பு உறையில் உராய்ந்து மழுங்கியது. கருவி ஒன்றே; பேணும் முறையே வேறு. நுட்பமாகப் பார்த்து, பார்த்ததைத் தெளிவாக எழுதுவது நோலனின் இயல்பு என்பதற்கு இது சான்று.

குதிரையை அடித்துப் பணியவைக்காமல் பொறுமையாகப் படிப்படியே பழக்கும் முறையை அவர் 1852இல் ஒரு நூலாக வெளியிட்டார். குதிரைப்படையின் வரலாற்றையும் போர்முறையையும் கூறும் மற்றொரு நூல் 1853இல் வெளிவந்தது. இரண்டும் எளிய, ஐயத்துக்கிடமில்லாத நடையில் அமைந்தவை.

பாலக்லாவா

1854இல் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து உருசியாவை எதிர்த்துக் கிரிமியாவில் போரிட்டன. நோலன் முதலில் படைக்குக் குதிரை வாங்கத் துருக்கி ஆட்சிப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் தளபதி ஏரியின் மெய்ப்பணி அதிகாரியானார்.

அக்டோபர் 25 காலையில் உருசியர், துருக்கியர் காத்துநின்ற மேட்டரண்களைக் கைப்பற்றினர். அவற்றில் பிரித்தானியப் பீரங்கிகள் இருந்தன. படைத்தலைவர் ராக்லன் பிரபு சில நூறு அடி உயரமான குன்றின்மேல் நின்று அனைத்தையும் கண்டார். குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபு கீழே பள்ளத்தாக்கில் நின்றார். இடையிலிருந்த மேடு அவர் பார்வையை மறைத்தது.

ராக்லன் கூற, ஏரி ஒரு தாளில் விரைந்து எழுதினார். குதிரைப்படை வேகமாக முன்னேறி, பகைவர் பீரங்கிகளைக் கொண்டுசெல்லாதவாறு தடுக்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். எந்தப் பீரங்கிகள் என்பது அதில் இல்லை. சற்றுமுன் அனுப்பிய கட்டளை மேட்டரண்களைப் பற்றியது. ஆதலின் இதுவும் அதன் தொடர்ச்சியே என ராக்லன் கருதினார். செங்குத்தான சரிவில் விரைந்து இறங்கவல்ல நோலனிடம் அத்தாள் தரப்பட்டது.

லூக்கன் அதனைப் படித்து, எந்தப் பகைவர், எந்தப் பீரங்கிகள் என்று கேட்டார். நோலன் கையை வீசி, பகைவரும் பீரங்கிகளும் அதோ இருக்கின்றன என்ற பொருள்பட விடையிறுத்தார். அக்கை மேட்டரண் நோக்கி நீண்டதா, பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் நின்ற உருசியப் பீரங்கி அணியை நோக்கி நீண்டதா என்பது இன்றளவும் தீராத வழக்கு. லூக்கனுக்குத் தெரிந்த பீரங்கிகள் கடைக்கோடியில் இருந்தவையே.

மேலும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தாக்காமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பவர் எனப் படையினர் ஏளனம் செய்த பிரபு அவர். செல்வமற்ற ஒரு கேப்டனிடம் இரண்டாம் முறை விளக்கம் கேட்க அவர் பெருமை இடந்தரவில்லை. அவரைச் சிறிதும் மதியாத நோலனும் பொறுமையாக விளக்கவில்லை. குதிரையிடம் காட்டச் சொன்ன பொறுமையை மனிதரிடம் காட்ட மறந்தார். இலகு குதிரைப் பிரிவின் தலைவர் கார்டிகன் பிரபு, லூக்கனுடைய மனைவியின் உடன்பிறந்தவர்; மைத்துனர் இருவருக்கும் நெடுநாள் பகை. ஆதலின் அவர்களிடையேயும் மனம்விட்ட பேச்சு நிகழவில்லை.

ஏறத்தாழ 670 பேர் மூன்று புறமும் பீரங்கிகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பாய்ந்தனர். தொடக்கத்திலேயே நோலன் கார்டிகனுக்கு முன்னே குறுக்காகக் குதிரையைச் செலுத்தி, ஏதோ கூவியபடி கையசைத்தார். அப்போது வெடித்த குண்டின் சிதறல் அவர் மார்பைப் பிளந்தது. அத்தாக்குதலில் முதலில் மாண்டவர் அவரே. திசை தவறு என்று கூற முயன்றாரா, ஊக்கினாரா என்பதை அறிந்தவர் எவருமில்லை. ஏறக்குறைய 110 பேர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர், சிறைப்பட்டனர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன.

சுட்டும் வினாவும்

தமிழில் இதனை எண்ணிப் பாருங்கள். 'பீரங்கி கொண்டு வா' என்றால் ஏதேனும் ஒன்று; 'பீரங்கியைக் கொண்டு வா' என்றால் நீயும் நானும் அறிந்த ஒன்று. ஐ உருபு சேர்ந்ததும் கேட்பவரும் அறிவார் என்ற நம்பிக்கை உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர்முன் வரும் 'தி' என்ற சிறு சொல்லும் அவ்வாறே. குன்றின்மேல் நின்றவர் தமக்குத் தெரிவது கீழே நிற்பவருக்கும் தெரியும் என நம்பினார். சுட்டுக்குப் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவர் நிற்கும் இடத்திலும் உள்ளது. யாழ்ப்பாணத் தமிழர் 'உது', 'உவன்' என இன்றும் வழங்கும் உகரச் சுட்டு, கேட்பவர் நிற்கும் இடத்தையும் கருதுவது. அந்நுட்பத்தைப் பெரும்பாலோர் இழந்துவிட்டோம்.

என் இளமை ஒரு தோட்டத்தில் கழிந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஒருநாள் தண்டல் கையை நீட்டி, 'அந்த நெரை' என்றார். என் தாயார் தமக்குத் தெரிந்த நெரைக்குச் சென்று பால்மரம் வெட்டினார். அவர் கருதியது வேறு நெரை. அன்றைய கூலி இல்லையென்றாயிற்று. 'எந்த நெரை என்று கேட்டிருக்கலாமே அம்மா' என்றேன். 'கேட்டால் வாயாடி என்பார்கள் ஐயா' என்றார். பின்னாளில் பாலக்லாவாவைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் லூக்கன் அல்லர், என் தாயாரே. பிரபு பெருமையால் கேட்கவில்லை. என் தாயார் அச்சத்தால் கேட்கவில்லை. விளைவு ஒன்றே.

பழியும் கடிதமும்

ராக்லன் லூக்கனைக் குறை கூறினார். லூக்கன் ராக்லனையும் நோலனையும் குறை கூறினார். 1855இல் திருப்பி அழைக்கப்பட்ட லூக்கன் படைநீதிமன்ற விசாரணை வேண்டினார், மறுக்கப்பட்டது. பிரபுக்கள் அவையில் தம் தரப்பை எடுத்துரைக்க அவருக்கு இடமிருந்தது. அவ்வாண்டு ஜூனில் ராக்லன் இறந்தார். 36 வயதில் மடிந்த நோலனுக்கோ தம் தரப்பைக் கூற வாயில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். அவருக்காகப் பேச மனைவியோ மக்களோ இல்லை.

அவர் நண்பர் கேப்டன் மோரிஸ் 17ஆம் லான்சர் பிரிவை நடத்திச் சென்றவர். போருக்குமுன் இருவரும் கடிதங்களை மாற்றிக்கொண்டனர்: தாம் இறந்தால் சேர்ப்பிக்குமாறு நோலன் தம் தாய்க்கு எழுதியது மோரிஸிடமும், மோரிஸ் தம் மனைவிக்கு எழுதியது நோலனிடமும் இருந்தன. கடுங்காயமுற்ற மோரிஸ் பிழைத்தார். மகனின் சொல்லாக அந்தத் தாய்க்கென எஞ்சியது அக்கடிதமே. நாட்டுக்கு எஞ்சியதோ ஏரி எழுதிய தாள். அது இன்றும் இலண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆசிரியர்களே, சுட்டெழுத்தைக் கற்பிக்கும் அன்றே வினாவெழுத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். 'அந்த' என்பது சொல்பவர் கையில் இருக்கிறது. 'எந்த' என்பது கேட்பவருடைய உரிமை. வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, 'எந்த ஐயா?' என்று கேட்டால் சினவாதீர்கள். ஒருமுறைக்கு இருமுறை கேட்டாலும், கையை வீசிக் காட்டாமல் சொல்லால் விளக்குங்கள்.