பால்மரம் அனுப்பும் ஓலைகள்

ரப்பர் மரத்தின் இலையிலும் பட்டையிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றே. அங்ஙனமாயின், இலை பசுமை கொண்டு உணவாக்குவதும் பட்டை வெண்பால் சொரிவதும் எதனால்? அளவுகளோடு கூடிய விடையொன்று 1990இல் சிங்கப்பூரிலிருந்தே வெளிவந்தது. பால் வெட்டிக் கை காய்த்த பரம்பரையினராகிய நாம் அதனை அறிய வேண்டாமா?

இம்மரத்தின் 22 கன்றுகள் 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவை வந்தடைந்தன. அக்காலத்தில் காத்தோங் கரையெங்கும் தென்னந்தோப்புகள். ரப்பரை மதித்தவர் சிலரே. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். விடியலில் மங்கும் கத்தியுமாக நம்மவர் செய்த தொழில் அதன் வழிவந்ததே.

பாலென்பது மரத்தில் ஓடும் வெறும் சாறன்று. உயிருள்ள பாற்குழாயின் உள்ளீடே வெட்டுவாய் வழியாக வெளிவருகிறது. ஆகவே மங்கில் வடிவது ஆய்வாளர்க்குப் பெரும் புதையல். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து மூலக்கூற்று உயிரணுவியல் கழகத்தில் அனில் குஷ், சுவா நாம் ஹாய் முதலியோர் அப்பாலிலிருந்து ‘தூது ஆர்.என்.ஏ.’ எனும் ஓலைகளைப் பிரித்தெடுத்தனர்.

அவ்வோலை யாது? மரபணு தன் இடம்விட்டு அசைவதில்லை; தன் கட்டளையைப் படியெடுத்து அனுப்பும். தோட்டத்து மொழியிற் சொன்னால், மரபணுத் தொகுதி பெயர்ப்பதிவேடு. தூது ஓலைகளோ அன்று காலைப் பெரட்டில் வந்து நின்ற ஆட்கள். ஏட்டைப் பார்த்து எவர் வேலைக்கு வந்தார் எனக் கூறவியலுமோ?

கதிரியக்கக் குறியிட்ட மரபணுத் துண்டு, தனக்கு இணையான ஓலையை மட்டும் பற்றும். படச்சுருளில் விழும் கறுப்பின் அளவே ஓலையின் அளவு. ரப்பர் உண்டாக்கும் மரபணுக்களின் ஓலைகள் இலையைவிடப் பாலில் 20 முதல் 100 மடங்கு மிகுந்திருந்தன. ஒளிச்சேர்க்கைக்குரியவை இலையில் 50 மடங்குவரை மிகுதி. இவை எதிர்பார்க்கத்தக்கனவே. நோயையும் காயத்தையும் எதிர்க்கும் மரபணுக்களின் ஓலைகளும் பாலில் 10 முதல் 50 மடங்கு மிகுந்திருந்தமையே என்னைச் சிந்திக்க வைத்தது. நாம் விளைச்சல் என எண்ணி அளந்து கூலி பெற்றது, மரத்துக்குக் காயம் காக்கும் மருந்து போலும்!

இம்முறைக்கு ஒரு குறையுண்டு. தேடும் மரபணு முன்னரே கையில் இருத்தல் வேண்டும். பெயரறியா ஆளை அழைப்பது எப்படி? கைநாட்டைப் போல ஒரு சிறு அடையாளம் போதுமெனக் கண்டனர் பின்வந்தோர். 1992இல் பாஸ்டனில் லியாங், பார்டீ இருவரும் ஓலைத்துண்டுகளைப் பெருக்கி, வரிவரியாகப் பிரித்து, ஒரு திசுவில் தோன்றி மற்றொன்றில் தோன்றாத வரிகளைக் கண்டறிந்தனர். 1995இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ஓலைக்கு 9 எழுத்தே எடுத்து எண்ணினர். ஒன்பதெழுத்தில் ஆள்மாறாட்டம் நேராதா? நேரும். சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தார் 2005இல் வெளியிட்ட முறையில், ஓலையின் தலையிலும் வாலிலும் ஏறத்தாழப் பதினெட்டெழுத்துகள் எடுத்து இணைத்தனர். அதனால் ஆள் இன்னாரென்பதோடு, ஓலை தொடங்கும் இடமும் முடியும் இடமும் துலங்கின.

அவர்கள் ஆய்ந்தது எலியின் உயிரணுக்களை. இத்தகைய கைநாட்டுகளை ஒப்பிட முழு ஏடும் வேண்டுமன்றோ? ரப்பர் மரத்துக்குரிய ஏட்டின் முதல் வரைவை 2013இல் மலேசிய ஆய்வாளர் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் கொண்ட மரவகை, தோட்டத்தார் நன்கறிந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600.