தியனன்மென் சதுக்கமும் இரு தீர்ப்புக்களும்

பெய்ஜிங் நகரின் தியனன்மென் சதுக்கம் இருமுறை தீர்ப்புக்கு உள்ளாயிற்று. 1976 ஏப்பிரிலிற் சூ என்லாயை நினைந்து அங்குத் திரண்டோர் எதிர்ப்புரட்சியாளர் எனப் பழிக்கப்பட்டனர். அதன் பொருட்டுத் தெங் சியாவோபிங்கும் பதவியிழந்தார். 1978 இல் அப்பழி நீக்கப்பட்டது.

1989 இல் ஊ யாவ்பாங் மறைந்தபோது மாணாக்கர் அவ்விடத்தே கூடி, ஊழலொழிப்பும் பத்திரிகைச் சுதந்திரமும் வேண்டினர். யூன் 3 ஆம் நாளிரவு நகர வீதிகளிற் படையினர் சுட்டனர்; விடியுமுன் சதுக்கம் வெறுமையாயிற்று. படையை ஏவிய தலைமை அதே தெங்கினதாம். இறந்தோர் தொகை பற்றிய வழக்கு இன்றும் தீர்ந்திலது.

அவ்வடக்குமுறையே அமைதிக்கும் வளத்துக்கும் வழிகோலிற்று என்பர் சீனருள் ஒருசாரார். மாணவர் தலைவர் காலமறிந்து விலகியிருப்பின் குருதி சிந்தியிராது என்பர் வேறு சிலர். உண்மை, இழப்பீடு, நீதி என்னும் மூன்றையும் வேண்டுவர் மக்களை இழந்த 'தியனன்மென் அன்னையர்'. கொங்கொங்கில் 1990 முதல் ஆண்டுதோறும் நிகழ்ந்த விளக்கேந்து நினைவுக்கூட்டம் 2020 இல் தடைசெய்யப்பட்டது. பெருநிலத்திலோ தடைக்குத் தப்பும் பொருட்டு, யூன் 4 ஆம் நாளை 'மே 35' எனக் குறிக்கும் வழக்குத் தோன்றிற்று.

முதற்றீர்ப்பு மாறியது அதிகாரம் கைமாறியபோதேயாம். ஆயினும், மாற்றுதற்கு நினைவு எஞ்சியிருந்தமையாலன்றோ அது மாற்றப்பட்டது? ஆதலின் அன்னையரின் வேண்டுகோள் வீண்கனவு என்று ஒதுக்கத்தக்கதன்று. சீன வரலாறே அதற்குச் சான்று.