ஒரு கற்றுக்குட்டியின் அட்டவணைகள்

2005-ஆம் வருஷம் ஒரு மழை இரவில், சத்தி ரோட்டில் மாடி மேலிருந்த கணினி மையம் ஒன்றில், சரவணம்பட்டி என்ற ஊர்ப்பெயர் என் கண்ணெதிரே தன் மேல்விலங்கை இழந்து 'சரவணம்பட்ட' என்று நின்றது. திரையிலிருந்த எல்லா வரிகளிலும் அப்படியே. "ஃபான்ட்டுங்க சார், வேற போட்டா சரியாயிருமுங்க" என்றான் மையத்துப் பையன். வேறு எழுத்துரு போட்டுப் பார்த்தோம். சரியாகவில்லை. இந்த ஒரு குறியின் இழப்பு எங்கிருந்து வந்தது என்று தேடப் புறப்பட்டதில்தான் நான் கற்றுக்கொண்டிருந்த விஷயத்தின் சரித்திரமே எனக்குப் புலப்பட்டது.

நான் மில் கணக்கில் இருந்தவன். மில் மூடியபின் கையில் நேரம் இருந்தது. எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் சிறுபத்திரிகைகளுக்கு அட்டை போட்டு வைத்திருந்தார். எழுத்து (1959–1970), சேலத்து நடை, கசடதபற, எங்கள் கோவையில் 1971-இல் கிளம்பிய வானம்பாடி, இவை போக யாரும் பெயர் கேட்டிராத உருட்டச்சுப் பத்திரிகைகள். ஒரு கவிதைக்கு ஒரு அட்டை, ஒரு கட்டுரைக்கு ஒரு அட்டை. பழைய செருப்பு டப்பாக்களில் அடுக்கியிருந்தார். இதை இணையத்தில் ஏற்றவேண்டும் என்று தோன்றியது எனக்கு. அவருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. வானம்பாடியைச் சேர்க்க எனக்கு மனமில்லை என்று சொன்னபோது மட்டும் கொஞ்சம் கோபப்பட்டார். "அட்டவணைக்கு ருசி பாக்கக்கூடாது தம்பி" என்றார். விமர்சனத்துக்கும் சரித்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

முதலில் ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு பக்கம் என்று கையால் எழுதினேன். அப்போது தமிழில் இணையத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை முழுமுழுக் கோப்புகளாகவே வெளியிட்டது. ஒரு நூல் மாறப்போவதில்லை என்பதால் அதற்கு அது போதும். என் அட்டவணையோ தினம் மாறியது. ஒரு இதழின் மாதம் தவறு என்று தெரிந்தால் இருபது பக்கங்களைத் திறந்து திருத்தவேண்டும். பத்தொன்பதைத் திருத்துவேன். பேரேட்டில் உட்கார்ந்தவனுக்கு இது பொறுக்காது.

பக்கத்தை முன்கூட்டி எழுதி வைக்காமல், கேட்கிறவன் கேட்கும் கணத்தில் இயந்திரமே எழுதித் தரும் முறைக்குச் சிறிய வரலாறுதான் உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்த ஆய்வுக்கூடத்தில் 1989-இல் முன்வைத்து 1991-இல் வெளியே விட்ட வலை, இருக்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கும் வலை. 1993-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடம் ஒன்றில், கோப்புக்குப் பதிலாக ஒரு நிரலை ஓட்டி அதன் விடையைப் பக்கமாக அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அடுத்த வருஷம், கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்ற இளைஞர், தன் சுயவிவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளச் சில சிறு நிரல்கள் எழுதினார். 1995 ஜூனில் அவற்றை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார். இதுதான் பி.எச்.பி. என்று பெயர் பெற்றது. மொழி ஒன்றைச் சிருஷ்டிக்கும் உத்தேசம் அவருக்குக் கிடையாது. தன் பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்ற அற்பமான, நம் எல்லோருக்கும் உள்ள ஆசையிலிருந்து பிறந்த மொழி அது.

அதே 1995-இல் ஸ்வீடனில் விடேனியஸும் ஆக்ஸ்மார்க்கும் கூட்டாளிகளும் மை எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தளத்தைச் செய்தார்கள். விடேனியஸின் மூத்த மகளின் பெயர் அதன் முன்னொட்டு. அவர்கள் உச்சரிப்பு வேறு. நான் மை என்றே படித்து, அச்சு மையை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். இந்த இரண்டும் சேர்ந்ததில் காசில்லாதவனும் தளம் கட்டலாம் என்று ஆயிற்று. 2001 ஜனவரியில் வெறும் கோப்புகளின் மேல் தொடங்கிய விக்கிப்பீடியா, ஒரே வருஷத்தில் அந்த முறை தாங்காமல் இந்த ஜோடிக்கு மாறியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதன் மேல் எழுந்ததுதான். இதையெல்லாம் சிறுபத்திரிகை லட்சியத்தோடு ஒப்பிட்டு உருகிய நண்பர்கள் உண்டு. 2008-இல் மை எஸ்.க்யூ.எல். 100 கோடி டாலருக்கு விலைபோனது. நம் பத்திரிகைகள் எதற்கும் அந்தச் சோதனை வரவில்லை என்பதால் நாம் எப்படி நடந்துகொண்டிருப்போம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் கற்றுக்குட்டியை உண்மையில் திணறவைப்பது மொழியல்ல. நிரல்வரிகளை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிவிடலாம். நானும் அப்படித்தான் எழுதினேன். திணறல் அதற்கு முன்பே வருகிறது. எதை ஒன்று என்று எண்ணுவது, எதைப் பல என்று எண்ணுவது?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் எட்கார் காட். ஆங்கிலேயர், யுத்தத்தில் விமானம் ஓட்டியவர், மெக்கார்த்தி காலத்தில் அமெரிக்காவைவிட்டுக் கனடாவுக்குப் போய்ப் பின்னர் திரும்பியவர். ஐ.பி.எம்.மில் இருந்துகொண்டு 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை தரவைத் தேடுகிறவன் அது இயந்திரத்துக்குள் எந்த மரத்தின் எந்தக் கிளையில் தொங்குகிறது என்று வழி தெரிந்து வைத்திருக்கவேண்டும். காட் சொன்னது: எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள், ஒரு உண்மையை ஒரே இடத்தில் எழுதுங்கள், அட்டவணைகளை அவற்றிலுள்ள மதிப்புகளாலேயே இணையுங்கள், உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்ற கவலை கேட்பவனுக்கு வேண்டாம். அவருடைய நிறுவனமே இதை அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து நின்றதும் கசடதபற பிறந்ததும் அதே 1970-இல். இதில் பொருள் தேடுவது அசட்டுத்தனம். எனக்கு வருஷம் ஞாபகம் இருப்பதற்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

மில் கணக்கன் இதை வேறு பாஷையில் அறிவான். சிட்டாவில் ஒரு வரி, பேரேட்டில் ஒரு கணக்கு, இரண்டையும் இணைக்கப் பேரேட்டுப் பக்க எண். ஆளின் பெயரை நம்பிக் கணக்கு எழுதினால் இரண்டு ராமசாமிகளின் கடனும் ஒன்றாகிவிடும். காட்டின் அட்டவணைகளில் முதன்மைச் சாவி எனப்படுவது ஏறக்குறைய இந்தப் பக்க எண்தான். வாத்தியாரின் அட்டைகளோ முழுக்கப் பெயர்களை நம்பியவை. அவருக்கு எல்லாம் தலைக்குள் இருந்தது. மயன் என்றால் க.நா.சு., பசுவய்யா என்றால் சுந்தர ராமசாமி, பிக்ஷு என்றால் பிச்சமூர்த்தி என்று அட்டையில் எழுத அவருக்கு அவசியம் இருக்கவில்லை. இயந்திரத்துக்குச் சொல்லவேண்டியிருந்தது.

'ஆசிரியர்' என்று ஒரே அட்டவணை போட்டேன். இரண்டே நாளில் அது குலைந்தது. சேலத்தோடு சேர்த்து நினைக்கப்படும் சி. மணியின் இயற்பெயர் பழனிசாமி. வானம்பாடியிலிருந்து வந்த கோவை ஞானியின் இயற்பெயரும் பழனிசாமி. கொங்கு நாட்டில் இது ஆச்சரியமில்லை. இரண்டு பழனிசாமிகள், கவிதை பற்றி எதிரெதிர்த் தளங்களில் நின்றவர்கள். பெயரைச் சாவியாக வைத்தால் இருவரும் ஒரே ஆளாகி ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டிருப்பார்கள். சி. மணியோ வே. மாலி என்றும் எழுதியவர். பிரமிள் இதற்கெல்லாம் மேலே: தருமு சிவராம் தொடங்கி, எண் சோதிடம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் அவர் வைத்துக்கொண்ட பெயர்களுக்கு ஒரு தனி டப்பா இருந்தது.

கடைசியில் மூன்று அட்டவணைகள். ஆள் ஒன்று: அதில் எண்ணும், தெரிந்தால் பிறந்த இறந்த வருஷங்களும் மட்டும். பெயர் ஒன்று: எந்த எண்ணுடைய ஆளுக்கு எந்தப் பெயர். படைப்பு ஒன்று: அது பெயரைச் சுட்டும், ஆளைச் சுட்டாது. கவிதையின் கீழே அச்சானது மயன் என்றால் அட்டவணையிலும் மயன்தான், அவர் க.நா.சு. என்பது இன்னொரு அட்டவணையின் கூற்று, தவறென்று தெரிந்தால் ஒரே வரியில் மாற்றிவிடலாம். இந்த ஒரு தீர்மானத்துக்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நிரல் எழுத ஒரு வாரம். புனைபெயரை ஆளோடு ஒட்டிவிடும் நம்முடைய இலக்கிய சரித்திரங்களைப் படிக்கும்போதெல்லாம் இவர்கள் ஒரே அட்டவணையில் எழுதுகிறார்கள் என்று இப்போது படுகிறது.

இனி மேல்விலங்கு. சரவணம்பட்டி நமக்கு எட்டெழுத்து. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிரின் குறியும் தனித்தனி, ஆக பதினொன்று. இணையத்தில் புழங்கும் முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 33. நான் ஊர்ப்பெயருக்கு 30 இடம் தாராளம் என்று ஒதுக்கியிருந்தேன். இடம் வாடகைக்குத் தந்த நிறுவனத்திடம் இருந்தது தரவுத்தளத்தின் பழைய பதிப்பு. அது ஒரு குறியை ஒரு பைட் என்றே எண்ணியது. 30-இல் பத்துக் குறி அடங்கியது. பதினோராவது மேல்விலங்கு. மீதியை வெட்டிவிட்டதை அது உரக்கச் சொல்லவும் இல்லை. சும்மா விட்டால் அது ஸ்வீடிஷ் அகராதி வரிசையில் பெயர்களை அடுக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். யூனிகோடின் சொந்த வரிசையும் நமக்குப் பெரிய உபகாரமில்லை: 1988-இன் இந்தியக் குறியேற்றத்தைத் தழுவியதால் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, வ-வுக்கு முன்னால் ழ.

ஊர்ப்பெயர் போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். தலைப்புகளுக்கு நான் ஒதுக்கியிருந்தது 100. அதாவது சுமார் முப்பத்துமூன்று குறி, இருபது எழுத்துக்குச் சற்று மேல். கற்றுக்குட்டிகள் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: உள்ளிடும் படிவத்தை முதலில் எழுதி, பட்டியல் காட்டும் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, நான்கு மாதம் அட்டை அட்டையாகத் தட்டச்சு செய்திருந்தேன். எ-கலப்பை என்று ஒரு விசைப்பலகை மென்பொருள். பெயர் பிடித்துப்போய் உழுதுகொண்டே இருந்தேன். முடித்த டப்பாக்களை ஒவ்வொன்றாக வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. பட்டியல் பக்கத்தைத் திறந்த அந்த மழை இரவுக்கு மூன்று வாரம் முன்பு அவர் காலமாகியிருந்தார்.

துக்கம் கேட்க ஏற்கெனவே போயிருந்தேன். மறுபடி போனேன். டப்பாக்களைப் பற்றிக் கேட்டேன். "அப்பாரு அட்டைகளுங்களா? வீடு ஒதுங்க வெச்சப்ப பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டமுங்க. நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்கன்னு அப்பாரு சொன்னாருங்க" என்றார் மகன். ஏற்றிவிட்டேன் என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

வெட்டுப்பட்ட தலைப்புகள் 212. எழுத்து, நடை, கசடதபற போன்றவற்றை நண்பர்களின் தொகுப்புகளிலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இதழ் இதழாகப் பார்த்துச் சரிசெய்தேன். அதற்கு ஆறு வருஷம். அதற்குள் சரவணம்பட்டி பேரூராட்சி 2011-இல் கோவை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. சோளக்காடுகள் இருந்த பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றுக்குள் இருக்கும் பிள்ளைகள் எனக்கு இரண்டு மாதம் பிடித்ததை ஒரு மத்தியானத்தில் செய்துவிடுவார்கள். நான் கற்ற வரிகளும் செல்லாக்காசாயின. தரவுத்தளத்தை அழைக்க நான் மனப்பாடம் செய்திருந்த கட்டளைகளை 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 ஒரேயடியாக நீக்கிவிட்டது. என் தளம் ஒரு நாள் காலையில் வெள்ளைத் திரையாகத் திறந்தது. கண்ணாடிக் கட்டடத்துப் பையன் ஒருவன் ஒத்தாசை செய்து திருப்பி எழுதிக் கொடுத்தான். நிரல் முழுக்கப் புதிது. மூன்று அட்டவணைகளில் மட்டும் அவன் கை வைக்கவில்லை. "இது சரியாத்தானுங்க இருக்குது" என்றான்.

உருட்டச்சுப் பத்திரிகைகளின் தலைப்புகள் 31 இன்னும் பாதியில் நிற்கின்றன. அவற்றின் பிரதிகள் வாத்தியாரிடம் மட்டுமே இருந்தன. ஊகித்து நிரப்பிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு; சில வார்த்தைகளுக்கு ஒரே ஒரு முடிவுதான் சாத்தியம். நான் நிரப்பவில்லை. படைப்பு அட்டவணையில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்து, இந்த 31-க்கும் நேராக, வெட்டுப்பட்டது, 2005, என் கையால் என்று எழுதி வைத்திருக்கிறேன். தேடுகிறவர்களுக்கு அந்தப் பத்தியும் தெரியும்.